உருகக் கூடாத பனிக்கட்டி

பனிப்பாறைகள் உருகிக்கொண்டிருக்கும் கொடுமையை மக்களுக்கு எடுத்துச் சொல்வது என்று உணர்வு-சூழல் கலை மையம் முடிவெடுத்ததும், முதல் வேலையாகத் தன் பின்சுவரில் எட்டு ஏசி பெட்டிகளை மாட்டியது. ஒவ்வொன்றும் ஒரு துணி அலமாரி அளவு. கட்டடத்துக்குள் இருக்கும் சூட்டை உறிஞ்சி வெளியே துப்புவது அவற்றின் வேலை. வெளியே என்றால் எங்கே என்று மையத்தில் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. வெளியே என்பது, எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய ஒரு சந்து. சந்துக்கு அந்தப் பக்கம், முதல் மாடியில், ஒரு பேருந்து ஓட்டுநரின் படுக்கையறை ஜன்னல்.

ஓட்டுநருக்குக் கலைமேல் எந்த விரோதமும் கிடையாது. மையத்தின் வாசலில் ஒரு நிறுத்தம் இருந்தது. ஒரு நாளைக்கு ஆறு தடவை அங்கே வண்டியை நிறுத்தி, வெயிலிலும் கழுத்தில் துணி சுற்றிய ஆட்களை இறக்கிவிட்டிருக்கிறார். இறங்கும்போது அவர்கள் நன்றி சொல்வார்கள். வேறெந்த நிறுத்தத்திலும் யாரும் சொன்னதில்லை. அது ஒன்றே அவர்கள்மேல் நல்ல எண்ணம் வரப் போதுமாக இருந்தது.

ஆனால் அவர் மனைவிக்கு எட்டாவது மாதம். இதற்குமுன் இரண்டு தங்கவில்லை. இந்த முறை டாக்டரம்மா மூன்று விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: எங்கும் பயணம் போகக் கூடாது, நன்றாகத் தூங்க வேண்டும், அறை குளிர்ச்சியாக இருக்க வேண்டும். மூன்றில் முதலாவதை மட்டும் அவர்களால் கடைப்பிடிக்க முடிந்தது. ஜன்னலைத் திறந்தால் சூடு நேராக முகத்தில் அறைந்தது. மூடினால் சுவர் வழியாக மெதுவாக வந்தது.

"எட்டு மணி நேரம் இன்ஜின் பக்கத்துல உக்காந்துட்டு வர்றேன். வீட்டுக்கு வந்தா இங்கயும் எட்டு இன்ஜின்," என்றார் ஓட்டுநர், ஈரத்துண்டை மனைவியின் கழுத்தில் போட்டுக்கொண்டே.

"உங்களுக்காவது எட்டு. எனக்கு வயித்துக்குள்ள ஒண்ணு, மொத்தம் ஒம்பது. போய்க் கேட்டுட்டு வாங்களேன். அந்தப் பெட்டிய மேல பாத்துத் திருப்பி வச்சா என்ன கேடு?"

கேட்கக்கூடிய நியாயமான விஷயம்தான் என்று அவருக்கும் தோன்றியது. நியாயமாக இருந்ததால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று நம்பி, காக்கிச் சட்டையோடு மறுநாளே போனார்.

மையத்தின் வாசலில் ஒரு காவலாளி உட்கார்ந்திருந்தார். "டிக்கெட்டா, எதிர்வினையா?" என்று கேட்டார்.

"புகாருங்க."

"புகார்னு இங்க எதுவும் கிடையாதுண்ணே. போன வருஷமே எடுத்துட்டாங்க. எதிர்வினைதான். ஆனா படைப்பப் பாத்தாத்தான் எதிர்வினைப் படிவம் தர முடியும். உள்ள போயிட்டு வந்துருங்க."

உள்ளே போவதற்கு இரண்டு கதவுகள் இருந்தன. ஒன்று பின்னால் சாத்திய பிறகுதான் முன்னால் இருப்பது திறக்கும். நடுவில் ஐந்தாறு பேர் நெருக்கி நிற்கும் இடத்தில் நான்கு நிமிடம் நிற்க வேண்டும், வெளிச்சூடு உள்ளே நுழையாமலிருக்க. நான்கு நிமிடமும் ஒரு பெண்குரல் மூச்சு விடுவது ஒலிபெருக்கியில் கேட்டது. படைப்பு அங்கேயே தொடங்கிவிடுகிறது என்று கதவில் எழுதியிருந்தார்கள்.

கூடம் பதினெட்டு டிகிரி. ஓட்டுநருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவர் சட்டை முதுகில் ஒட்டாமல் இருந்தது. நடுவில் உறைநிலைக்குக் குளிரூட்டிய ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் ஒரு மாடு படுத்திருக்கும் அளவுக்கு ஒரு பனிக்கட்டி. பக்கத்துச் சுவரில் வாசகம்:

'என் பனிப்பாறை உன் பெயரைச் சொல்லி உருகுகிறது. எடை 1,200 கிலோ. நன்னீர், கலைஞரின் பதினொரு மாதக் கண்ணீர் (42 மில்லிலிட்டர்). பனி, காணொளி, உடலசைவு, பின்னல், மௌனம் ஆகிய ஐந்து துறைகளில் இயங்கும் பல்துறைக் கலைஞர், தன் அந்தரங்கப் பிரிவுத்துயரையும் புவி வெப்பமடைவதையும் இதில் ஒன்றாக உறையவைத்திருக்கிறார்.'

உள்ளே நின்ற இன்னொரு காவலாளியிடம் ஓட்டுநர் கேட்டார்: "இது எப்ப உருகும்?"

காவலாளி பதறினார். "மெதுவாப் பேசுங்க. உருகினா எனக்கு வேலை போயிடும். வாரா வாரம் எடை போடறாங்க."

"உருகறதுன்னு எழுதியிருக்கே."

"உருகறதப் பத்தினதுதான். உருகாது. வந்த எடையில திரும்பிப் போகணும்னு காப்பீட்டுக் கம்பெனிக்காரன் சொல்லிட்டான்."

வெளியே வந்து எதிர்வினைப் படிவத்தை வாங்கினார். ஒரே கேள்விதான்: 'நீங்கள் என்ன உணர்ந்தீர்கள்?' கீழே கட்டங்கள். ஏக்கம், குற்றவுணர்வு, இழப்பு, நம்பிக்கை, பிற. ஓட்டுநர் நெடுநேரம் யோசித்து, 'பிற' என்பதில் கோடிட்டு, 'வேர்வை' என்று எழுதினார். விலாசத்தையும் எழுதினார். பின்னால் சந்தில் முதல் மாடி, பெட்டியைத் திருப்பவும் என்றும் சேர்த்தார்.

பத்து நாள் கழித்து அந்த ஒற்றைச் சொல் மையத்தின் நிர்வாகக் குழுவின் முன் வைக்கப்பட்டு, மூன்று மணி நேரம் விவாதிக்கப்பட்டது. அதற்கு அடுத்த நாள் இயக்குநரே நேரில் வந்தார்.

இயக்குநர் கறுப்புச் சட்டை அணிந்த உயரமான மனிதர். படியேறி வந்ததும் வணக்கம் சொல்லாமல் படுக்கையறைக்குள் போய், கண்ணை மூடி, கைகளை விரித்து நின்றார். கட்டிலில் சாய்ந்திருந்த மனைவி புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு கணவனைப் பார்த்தாள். இரண்டு நிமிடத்தில் இயக்குநரின் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை தரையில் விழுந்தது. அவர் கண்ணைத் திறந்தார். கண் கலங்கியிருந்தது.

"ஒரு வருஷமாத் தேடிட்டிருந்தோம்," என்றார். "காலநிலை மாற்றத்தால நேரடியாப் பாதிக்கப்பட்ட ஒரு சாதாரண மனுஷன். அதுக்காக மூணு கண்டத்துக்கு விமானத்துல போயிட்டு வந்தேன். எங்கயும் சரியா அமையல. கடைசியில பாத்தா, எங்க சுவருக்கு அந்தப் பக்கமே இருந்திருக்கீங்க."

"சார், பெட்டிய மேல பாத்துத் திருப்பிட்டாப் போதும்," என்றார் ஓட்டுநர். "எங்க டிப்போ மெக்கானிக்கு அர நாள்ல பண்ணிக் குடுத்துருவான்."

"திருப்பலாம். தாராளமாத் திருப்பலாம். ஆனா திருப்பிட்டா நீங்க பாதிக்கப்பட மாட்டீங்களே!" இயக்குநர் அவர் தோளில் கை வைத்தார். "நாங்க உங்க குரல மதிக்கிறோம். மத்த நிறுவனங்கள் மாதிரி உங்க பிரச்சினையத் தீர்த்து உங்கள வாய மூட வைக்க நாங்க விரும்பல. உங்க பிரச்சினை நீடிச்சு நிக்கணும். எல்லாரும் வந்து பாக்கணும்."

அவர் பின்னால் வெள்ளைக் கையுறை போட்ட ஒரு அம்மாள் நின்றிருந்தார். அவர் பராமரிப்பு அதிகாரி. மையத்துக்குள் வரும் ஒவ்வொரு பொருளின் நிலையையும் குறித்து வைத்து, அது அதே நிலையில் வெளியே போகும்வரை காவல் காப்பது அவர் உத்தியோகம். முப்பது வருட உத்தியோகத்தில் அவர் கையில் ஒரு கீறல்கூட விழுந்த பொருள் கிடையாது என்று இயக்குநர் அறிமுகப்படுத்தினார். அந்த அம்மாள் வெப்பமானியைக் கட்டில்மேல் வைத்து, "நாப்பத்தொண்ணு புள்ளி ரெண்டு," என்று பதிவேட்டில் எழுதினார். பிறகு கட்டில், தலையணை, சுவர்க் காரை பெயர்ந்த இடம், எல்லாவற்றையும் எழுதினார். மின்விசிறி எந்த எண்ணில் சுற்றுகிறது என்று பார்த்து 'இரண்டு' என்று எழுதினார். கடைசியாக நிமிர்ந்து, "வசிக்கிறவங்க?" என்றார்.

"ரெண்டு பேரு," என்றார் ஓட்டுநர். மனைவி வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

'வசிப்பவர் இருவர், நிலை: வியர்வையுடன்' என்று எழுதி அந்த அம்மாள் காகிதத்தை நீட்டினார். புகார் வாங்கிக்கொண்டதற்கு ரசீதாக்கும் என்று நினைத்து ஓட்டுநர் கையெழுத்துப் போட்டு ஒரு பிரதியை வாங்கிக்கொண்டார். ஒரு நாளைக்கு நாற்பது காகிதத்தில் கையெழுத்துப் போடுகிற டிப்போ பழக்கம். எதையும் படித்துப் பார்த்து அவருக்கு வழக்கமில்லை.

அன்றிலிருந்து அந்தப் படுக்கையறை, பனிப்பாறையின் இரண்டாம் பாகம் ஆனது.

சனிக்கிழமைகளில் பத்துப் பத்துப் பேராக வந்தார்கள். காலில் நீலப் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு, கட்டிலைச் சுற்றி நின்று, வேர்த்தார்கள். சிலர் சுவரைத் தொட்டுப் பார்த்து "உண்மையா இருக்கு" என்றார்கள். கண்ணாடி போட்ட ஒரு இளைஞன் மனைவியின் பக்கத்தில் மண்டியிட்டு, "இந்தப் படைப்புக்குள்ள இருக்கறது உங்களுக்கு எப்படியிருக்கு?" என்று கேட்டான்.

"இடுப்பு வலிக்குதுப்பா."

அவன் அதைக் குறிப்பேட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டான்.

மின்விசிறியை ஐந்தில் வைத்தால் பராமரிப்பு அதிகாரி வந்து இரண்டில் வைத்துவிட்டுப் போனார். மனைவி மறுபடி ஐந்தில் வைத்தாள். அந்த அம்மாள் கோபப்படவே இல்லை. "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கும்மா. ஆனா பதிவேட்டுல ரெண்டுன்னு இருக்கு," என்று ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார்.

மையத்தை விட்டால் கலைஞரைத்தான் கேட்க வேண்டும் என்று ஓட்டுநர் முடிவு செய்தார். அவரைத் தேடிப் போகவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, மையத்தின் சுவரொட்டிகளில் கண்ணீரோடு இருக்கும் கலைஞரின் முகம், பெரிய கறுப்புக் கண்ணாடியோடு அவர் வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தது. கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு ஓட்டுநர் திரும்பி, தான் யார், எந்த ஜன்னல், மனைவிக்கு எத்தனை மாதம் என்று எல்லாவற்றையும் சொன்னார்.

கலைஞர் கண்ணாடியைக் கழற்றினார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். "அண்ணா, அது உருகணும்னுதான் நான் செஞ்சேன்," என்றார். "திறப்பு விழா அன்னைக்கே கண்ணாடியத் திறந்து விட்டுரணும், எல்லாரும் கால் நனைய நிக்கணும், சாயந்தரத்துக்குள்ள ஒண்ணும் இருக்கக் கூடாது. அதுதான் படைப்பே. ஒரே நாள். எழுதியே குடுத்தேன்."

"அப்புறம் ஏம்மா?"

"என் நோக்கத்த ரொம்ப மதிக்கறாங்களாம். மதிச்சு கோப்புல வச்சிருக்காங்க."

ஓட்டுநர் ஸ்டியரிங்கில் கையை ஊன்றிக்கொண்டு யோசித்தார். "அந்தப் பிரிவுத்துயரம்... அது இன்னும் இருக்காம்மா?" கேட்ட பிறகு கேட்டிருக்கக் கூடாதோ என்று தோன்றியது.

"ஒருத்தன் விட்டுட்டுப் போனான். அழுதேன். நிஜமாத்தான் அழுதேன். ஆனா அதெல்லாம் போன வருஷமே தீந்துபோச்சுண்ணா. அவன் மூஞ்சியே சரியா ஞாபகம் இல்ல. ஒப்பந்தப்படி கண்காட்சி முடியற வரைக்கும், அதாவது இன்னும் பதினாலு மாசம், நான் துக்கமா இருந்தாகணும். வெளியிடத்துல சிரிக்கக் கூடாதுன்னு ஒரு ஷரத்தே இருக்கு. அதுக்குத்தான் இந்தக் கண்ணாடி. போன வாரம் சினிமாவுக்குப் போனேன். சிரிப்பு வந்துச்சு. பாதியிலயே எழுந்து வந்துட்டேன்."

வண்டியை எடுக்க நேரமானதும் கலைஞர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கினார். நன்றி சொன்னார்.

இதை வீட்டில் வந்து சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை. அவள் கால் இரண்டும் வீங்கியிருந்தன. கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு சிவந்து கிடந்தது. காலையில் டாக்டரம்மா ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, இப்படியே போனால் நன்றாக இருக்காது என்று மட்டும் சொல்லியிருந்தார்.

"அவங்க குடுத்த காகிதம் எங்க?" என்றாள்.

"எது?"

"நீங்க கையெழுத்துப் போட்டீங்களே, பெரிய மனுஷன் மாதிரி. அது."

அவள் தபால் அலுவலகக் கவுன்ட்டரில் பதினொரு வருடம் உட்கார்ந்தவள். ஒரு படிவத்தைப் பார்த்தால் அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் என்ன இருக்கும் என்று முன்பக்கத்தைப் பார்க்கும்போதே தெரியும். காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வரி வரியாகப் படித்தாள். ஒரு இடத்தில் நிறுத்தி, ஆள்காட்டி விரலால் இரண்டு தடவை தட்டினாள்.

"கேளுங்க. 'வசிப்பவர் இருவரும் படைப்பின் பிரிக்க முடியாத பகுதி.' சரியா? 'இரண்டாம் பாகத்தின் எந்தப் பகுதியையும் முதல் பாகத்தின் அருகில் வைக்கலாம்.' சரியா? 'அவ்வாறு வைக்கப்பட்ட பகுதியை, பராமரிப்பு அதிகாரி, கலைஞர், இயக்குநர் மூவரின் கையெழுத்து இல்லாமல் எவரும் நகர்த்தக் கூடாது.'"

"அதனால?"

"அதனால என் செருப்ப எடுத்து வைங்க."

மறுநாள் காலை பத்து மணிக்கு, கையில் ஒரு தலையணையோடு அவள் மையத்தின் வாசலில் நின்றாள். "டிக்கெட்டா, எதிர்வினையா?" என்று காவலாளி கேட்டார். "படைப்பு," என்று சொல்லி அவள் காகிதத்தைக் காட்டினாள். காவலாளி பராமரிப்பு அதிகாரியைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் பதிவேட்டைப் புரட்டி, அவள் முகத்தைப் பார்த்து, மறுபடி பதிவேட்டைப் பார்த்து, "சரியாத்தான் இருக்கு," என்றார். அவர் குரலில் முதல் தடவையாக ஏதோ ஒரு நிம்மதி இருந்தது.

பனிக்கட்டிக்கு எதிரே, துயரத்தைப் பற்றிச் சிந்திப்பதற்காக ஒரு நீண்ட மெத்தை இருக்கை போட்டிருந்தார்கள். அவள் அதில் தலையணையைப் போட்டு, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, ஐந்து மணி வரை தூங்கினாள்.

இயக்குநருக்கு முதலில் அதிர்ச்சி. பிறகு ஒரு நாளிதழில், 'தூங்கும் பெண்ணின் உடல் வழியே பனிப்பாறை தன் வருங்காலத்தைக் கனவு காண்கிறது' என்று ஒரு விமர்சகர் எழுதியதும், அது தன் யோசனை என்று பேட்டி கொடுத்தார். இருக்கையைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். அவள் இருமினால் காவலாளி பார்வையாளர்களைப் பின்னால் தள்ளினார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்தார்கள். "மிஸ், இந்த ஆன்ட்டி மூச்சு விடறாங்க!" என்று ஒரு பெண் கத்தியதற்கு, "சத்தம் போடாத, அது காணொளி," என்றார் ஆசிரியை.

மூன்று வாரம் அப்படிப் போனது. மாலையில் வீட்டுக்குத் திரும்பினால் அதே சூடுதான். ஆனால் பகலில் ஏழு மணி நேரத் தூக்கம் கிடைத்தது. கால் வீக்கம் வடிந்தது. ரத்த அழுத்தம் இறங்கியதைப் பார்த்து டாக்டரம்மா, "பாத்தீங்களா, சொன்னதக் கேட்டா எல்லாம் சரியாகும்," என்றார்.

வலி வந்தது ஒரு வியாழக்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்கு. நாள் குறித்ததற்குப் பன்னிரண்டு நாள் முன்னால்.

ஓட்டுநரின் வண்டி மையத்து நிறுத்தத்துக்கு வந்தபோது காவலாளி நடுரோட்டில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதைப் பாதி கேட்டதுமே ஓட்டுநர் கைப்பிரேக்கை இழுத்துவிட்டுக் குதித்தார்.

"என்னப்பா, வண்டி போகாதா?" என்று ஒரு பயணி கத்தினார்.

"பெண்டாட்டிக்கு வலி வந்துருச்சு!"

முப்பது பயணிகளும் இறங்கி அவர் பின்னால் ஓடினார்கள். காவலாளி நான்கு நிமிடக் கணக்கைக் கைவிட்டு, ஐந்தைந்து பேராக இரண்டு கதவுகளுக்குள்ளும் நெருக்கி அனுப்பினார். அந்த மையத்துக்குள் டிக்கெட் இல்லாமல் இத்தனை பேர் நுழைந்தது அதுவே முதல் தடவை. ஆம்புலன்ஸும் வந்துவிட்டது. கூடத்தில் மனைவி இருக்கையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பராமரிப்பு அதிகாரி கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். அன்று ஒரு பேட்டிக்காக வந்திருந்த கலைஞர் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தார்.

"கெளம்பலாம்," என்றார் ஆம்புலன்ஸ்காரப் பெண்.

"மூணு கையெழுத்து வேணும்," என்றார் உள்ளே நின்ற காவலாளி. அழுதுவிடுவார் போலிருந்தது. "என்னைத் திட்டாதீங்க. போன மாசம் ஒரு நாற்காலிய நகத்தினதுக்கே ஒருத்தரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"ஏண்டா, பொம்பள வலியில துடிக்கறா, நீ கையெழுத்துக் கேக்கறியா?" என்று வண்டியிலிருந்து வந்த ஒரு அம்மாள் கையில் இருந்த பையை ஓங்கினாள்.

பராமரிப்பு அதிகாரி சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். கலைஞர் போட்டார். இயக்குநர், விமானப் பயணத்தைக் குறைப்பது பற்றிய மாநாட்டுக்காக வேறொரு கண்டத்துக்குப் போயிருந்தார். தொலைபேசியில் கிடைத்தார்.

"கேக்கவே நெகிழ்ச்சியா இருக்கு," என்றது அவர் குரல். "உணர்வுபூர்வமா நான் இப்ப அங்கதான் இருக்கேன். உடல்பூர்வமா திங்கட்கிழமைதான் வர முடியும். அதுவரைக்கும் தள்ளிப்போட முடியுமா பாருங்க. முடியலன்னா அங்கயே நடக்கட்டும், ஆனா கேமரா வச்சிருங்க."

ஓட்டுநர் தொலைபேசியைக் காவலாளியின் கையில் கொடுத்துவிட்டு, மனைவியைத் தள்ளுபடுக்கையில் தூக்கிக் கிடத்தினார். யாரும் தடுக்கவில்லை. தடுத்தது கதவுதான். உள்ளே வரும்போது மடித்து நிமிர்த்திக் கொண்டுவந்த தள்ளுபடுக்கை, விரித்த பிறகு, இரண்டு கதவுகளுக்கும் நடுவில் இருந்த இடத்தைவிட ஒரு முழம் நீளம். பின்கதவு சாத்தாது. சாத்தாததால் முன்கதவு திறக்காது.

"இது என்ன கதவா, எலிப்பொறியா?" என்றார் ஆம்புலன்ஸ்காரப் பெண். "வேற வழி?"

"ரெண்டும் ஒண்ணாத் திறக்கணும்னா மெயின் ஸ்விட்ச நிறுத்தணும்," என்றார் பராமரிப்பு அதிகாரி மெதுவாக. அவர் பார்வை பனிக்கட்டியிடம் போய், தள்ளுபடுக்கையிடம் வந்தது. சுவரில் ஒரு சிவப்புக் கைப்பிடி இருந்தது. 'தீ விபத்தின்போது மட்டும்' என்று அதன்மேல் எழுதியிருந்தது.

மனைவி ஓட்டுநரின் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்து, "என்னங்க, இது தங்கணுங்க," என்றாள்.

கலைஞர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் தரையில் போட்டார். "தீ விபத்துன்னு எழுதிக்கோங்க," என்று சொல்லிக் கைப்பிடியை இரண்டு கையாலும் கீழே இழுத்தார்.

விளக்குகள் அணைந்தன. ஒலிபெருக்கியில் மூச்சு நின்றது. பின்சுவரில் எட்டுப் பெட்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக முனகி ஓய்ந்தன. இரண்டு கதவுகளும் அகலத் திறந்துகொள்ள, தள்ளுபடுக்கையோடு முப்பது பயணிகளும் வெயிலுக்குள் ஓடினார்கள். வாசலில் இருந்த காவலாளி, கடமை தவறாமல், வெளியேறும் பொருள்களின் பதிவேட்டில் எழுதினார்: 'வெளியே சென்றது ஒன்று. வழியில் இரண்டாகலாம்.'

மருத்துவமனையை அடைந்த இருபதாவது நிமிடத்தில் இரண்டானது. பெண். இரண்டரைக் கிலோ. தங்கியது. கூடவே வந்து பிரசவ அறைக் கதவருகில் நின்ற கலைஞர் அதன் அழுகையைக் கேட்டதும் சிரிக்கத் தொடங்கினார். ஒரு ஷரத்தையும் பொருட்படுத்தாமல், விக்கல் வரும்வரை சிரித்தார்.

மையத்தில் அன்று மாலையே மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்திருக்கலாம். ஆனால் தீ விபத்துக்குப் பின் கைப்பிடியை மேலே தள்ள, இயக்குநர் நேரில் வந்து பார்வையிட்டுக் கையெழுத்திட வேண்டும் என்று விதி இருந்தது. விதியை அவரே எழுதியிருந்தார். மாநாட்டில் அவர் உரை எல்லோருக்கும் பிடித்துப்போனதால் பயணம் இன்னும் மூன்று நாள் நீண்டது. அவர் வந்தபோது கண்ணாடிப் பெட்டியில் ஒரு மீன்கூட இல்லாத தொட்டியைப் போலத் தண்ணீர் நின்றிருந்தது.

இயக்குநர் அதன் முன்னால் நின்று செய்தியாளர்களிடம் பேசினார். "இது இழப்பு இல்ல. உருகணும்ங்கறதுதான் கலைஞரோட ஆதி நோக்கம். அந்த நோக்கத்துக்காக இந்த மையம் ஆரம்பத்துலேருந்தே போராடிட்டு வந்திருக்கு." பிறகு, எடை சரியாக இருக்கிறதா என்று தண்ணீரை நிறுத்துப் பார்க்கச் சொன்னார். சரியாகத்தான் இருந்தது, நான்கு கிலோ குறைவாக. அந்த நான்கு கிலோவை வானிலைத் துறையிடம் கேட்டு ஒரு கடிதம் போயிற்று.

குளிர்விக்க ஒன்றும் இல்லாததால் எட்டுப் பெட்டிகளும் ஊமையாகக் கிடந்தன. தாயும் சேயும் வீட்டுக்கு வந்த அன்று ஓட்டுநர் படுக்கையறை ஜன்னலைத் திறந்தார். சந்தில் காற்று வந்தது. மழை வருகிற மாதிரி ஈரமாக, சாதாரணமாக, யார் அனுமதியும் கேட்காமல் வந்தது. அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து தூங்கிப்போனார்.

நான்காம் நாள் பராமரிப்பு அதிகாரி வந்தார். கையில் பதிவேடு. கக்கத்தில் ஒரு மின்சார ஹீட்டர். படியேறி வந்த களைப்பில் அதைக் கட்டிலருகே இறக்கி வைத்து, வெப்பமானியைப் பார்த்தார்.

"இருபத்தேழு," என்றார் வருத்தத்தோடு. "பதிவேட்டுல நாப்பத்தொண்ணு புள்ளி ரெண்டு. பதினாலு டிகிரி சேதம். முதல் பாகம் போயிட்டதால இரண்டாம் பாகத்தையாவது வந்த நிலையிலயே வச்சிருக்கணும்னு குழு முடிவு பண்ணியிருக்கு. இத இந்த மூலையில, கட்டிலப் பாத்து வைக்கச் சொன்னாங்க."

ஓட்டுநர் எழுந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி கையைக் காட்டி நிறுத்தினாள். மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவள் ஹீட்டரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நல்லா சூடாகுமாம்மா?"

"புதுசு. இன்னைக்குத்தான் வாங்கினது."

"அப்ப அந்தக் கொடிக்குக் கீழ வைங்க. மூணு நாளா ஒரே மூட்டம், புள்ள துணி ஒண்ணுகூடக் காயல."

பராமரிப்பு அதிகாரி ஜன்னலோரத்தில் கட்டியிருந்த கொடியைப் பார்த்தார். உள்ளங்கை அகலத்தில் பதினெட்டுத் துணிகள் ஈரமாகத் தொங்கின. அவர் பதிவேட்டைப் பிரித்தார். எந்தப் பத்தியில் எழுதுவது என்று தேடுகிறவர்போலக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதை மூடிக் கட்டிலில் வைத்துவிட்டு, ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடியின் கீழே வைத்து, ஒவ்வொரு துணியாக எடுத்து உதறி, மறுபக்கம் திருப்பிப் போடத் தொடங்கினார்.